செம்பியன்கண்டியூர்க் கற்கோடரியும் அவசர வாசிப்பும்

தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள செம்பியன்கண்டியூர் என்னும் சிற்றூரில், 2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பாடசாலை ஆசிரியர் ஒருவர் தமது வீட்டின் பின்புறத்தே வாழையும் தென்னையும் நடுவதற்குக் குழி தோண்டினார். தோண்டிய மண்ணிடையே கையிலடங்கத்தக்க இரண்டு கற்கள் கிடைத்தன. இரண்டும் தேய்த்து மெருகிடப்பட்ட கற்கோடரிகள். அவற்றுள் ஒன்றின் முகத்திலே நான்கு உருவங்கள் கீறப்பட்டிருந்தன. ஆசிரியர் அவற்றை வீசிவிடவில்லை, மறைத்து வைக்கவுமில்லை, தொல்லியல் துறையினரின் கையிற் சேர்ப்பித்தார். இந்நிகழ்ச்சி முழுவதிலும் ஒருவர் தமது கடமையைப் பழுதின்றி ஆற்றினார் என்றால் அவர் அவ்வாசிரியரே.

அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்திற் செய்தி வெளியாயிற்று. சிந்துவெளி எழுத்தாய்விலே பல்லாண்டு உழைத்தவரான ஐராவதம் மகாதேவன், கோடரியிலுள்ள நான்கு உருவங்களும் சிந்துவெளி எழுத்துக்களே என்றும், அவற்றுள் முதலிரண்டும் சேர்ந்து முருகன் என்னும் பெயரைத் தருவன என்றும், கோடரி கி.மு. 2000க்கும் கி.மு. 1500க்கும் இடைப்பட்டது என்றும் கருத்துரைத்தார். தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டுக் காலத்திற் கிட்டிய தலையாய கண்டுபிடிப்பு என அது போற்றப்பட்டது. அன்றுதொட்டு மேடைகளிலும் மலர்களிலும் மாநாட்டுக் கட்டுரைகளிலும், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் காவிரிக் கரையிலே முருகன் பெயர் எழுதப்பட்டது என்பது ஐயத்துக்கிடமற்ற வரலாற்றுண்மையாக எடுத்தாளப்பட்டு வருகின்றது. மகாதேவன் தமது கருத்தைக் காரணங்காட்டிக் கூறினார். அவரை மேற்கோளாக்கியோரோ காரணங்களை வழியிலே போட்டுவிட்டு முடிவை மட்டும் சுமந்து சென்றனர்.

கல் பொய்யானது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. கண்டெடுத்தவரின் நேர்மையில் ஐயங்கொள்வதற்கு அணுவளவேனும் ஆதாரமில்லை. வாதிக்கப்படுவது வேறொன்று. மண்ணிலிருந்து வெளிப்பட்ட பொறிப்புடைய கல் எதுவாயினும், அதனை நோக்கிக் கேட்கவேண்டிய வினாக்களுக்கு ஒரு முறைவைப்பு உண்டு. எங்கிருந்து வந்தது, எதனாலானது, எப்போது ஆனது, பொறிப்பு எப்போது விழுந்தது, எதனால் விழுந்தது என்பன முன்னே நிற்பவை. அது எழுத்தா என்பது அவற்றின் பின்னே வருவது. எழுத்தாயின் என்ன மொழி, என்ன சொல் என்பது இறுதியில் வைக்கத்தக்க வினா. செம்பியன்கண்டியூர் விடயத்தில் இம்முறை தலைகீழாயிற்று. இறுதி வினாவுக்கு முதலில் விடை கூறப்பட்டது. விடை கிடைத்த மகிழ்ச்சியிலே ஏனைய வினாக்களை எழுப்புதல் நாகரிகமற்ற செயலாகவே கருதப்பட்டது.

முதலாவதாகக் குழியை எடுத்துக்கொள்வோர் காண்பது யாது? காவிரிக் கழிமுகம் வண்டல் படிந்த நிலம். கோடரி செய்வதற்கேற்ற வன்கல் அங்கு இயல்பாகக் கிடைப்பதன்று. ஆகவே அக்கல் வேற்றிடத்திலிருந்து எவராலோ எக்காலத்திலோ கொண்டுவரப்பட்டிருத்தல் வேண்டும். கல்லின் தன்மை தென்னிந்தியாவுக்குரியதாகையால் அது வடக்கிலிருந்து வந்ததன்று என மகாதேவன் காட்டியது ஏற்கத்தக்கதே. ஆயினும், அவ்வாதம் கல்லின் பிறப்பிடத்தைக் கூறுகின்றதேயன்றி, அது செம்பியன்கண்டியூரை அடைந்த காலத்தைக் கூறவில்லை. அக்காலத்தைக் கூறக்கூடியது மண்ணடுக்கு ஒன்றே. வீட்டுத் தோட்டமோ தலைமுறை தலைமுறையாகக் கொத்தி, எரு இட்டு, மரம் நட்டு, பிடுங்கி, மீண்டும் நட்ட மண். மண்வெட்டியின் ஒரு வீச்சிலே மேல்மண்ணும் கீழ்மண்ணும் ஒன்றாகிவிடும். அதற்கு ஆசிரியரைக் குறைகூறல் எவ்வாற்றானும் பொருந்தாது. அவர் வாழைக்குக் குழி தோண்டினாரேயன்றிப் பழங்காலத்தைத் தேடி அகழவில்லை. பின்வந்த அறிஞர்களே, குழி சொல்லாதொழிந்ததைக் கல்லே சொல்லிவிடும் என எண்ணினர்.

இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத்துறையைச் சேர்ந்த றொபேட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டு மே மாதத்திற் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், சரளை எடுக்கும் குழியொன்றின் பரலிடையே பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதனைக் கையிலேந்தி ஊரெங்கும் முழங்குவதுடன் அவர் அமைந்துவிடவில்லை. அத்தகைய கருவி மண்ணில் எந்தப் படிவினுள்ளே இருக்கும் என்பதைத் தேடிப் புறப்பட்டார். அதே ஆண்டிலே தம் துணைவருடன் அத்திரம்பாக்கத்தில் அதனைக் கண்டார். தென்னாசியத் தொல்வரலாற்றாய்வின் தொடக்கமே இந்த இரண்டாவது நடைதான் எனலாம். முதற் கல் தற்செயலாகக் கிடைத்தது. அதனைச் சான்றாக்கியது அதன் பின்னர் நடந்த தேடல்.

இரண்டாவது வினா காலத்தைப் பற்றியது. ஈண்டு ஒரு மயக்கம் பெரும்பாலோரைப் பற்றிக்கொண்டிருக்கின்றது. மெருகிட்ட கற்கோடரி புதிய கற்காலத்துக்குரிய கருவி; ஆதலின் அதன் மேலுள்ள கீறலும் புதிய கற்காலத்தது என்று முடிவுசெய்கின்றனர். சட்டியொன்று சோழர் காலத்ததாயின் அதன் மேல் ஒட்டியுள்ள கரியும் சோழர் காலத்ததே என்பது போன்ற முடிவு இது. கற்கோடரி எளிதில் அழியாதது. ஆக்கியோன் மறைந்து ஈராயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் வேறொருவன் அதனை எடுத்துப் பயன்படுத்தலாம். தென்னிந்தியாவின் பல ஊர்களிலே இத்தகைய கோடரிகள் மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் வைத்து வழிபடப்பட்டமை அறிஞர்கள் கண்டு குறித்த செய்தி. ஐரோப்பாவிலோ அவை இடியோடு வானத்திலிருந்து விழுந்த கற்கள் என நம்பப்பட்டு, வீட்டைக் காக்கும் பொருளாகப் பேணப்பட்டன. பொருளை வியந்து எடுத்து வைத்த பிற்காலத்தான் அதில் ஓர் அடையாளத்தைக் கீறுதல் எவ்வளவு இயல்பானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோடரியின் காலமும் கீறலின் காலமும் ஒன்றா வேறா என்பதை ஊகத்தால் முடிவுசெய்ய வேண்டிய தேவையுமில்லை. நெடுங்காலம் மண்ணிற் கிடந்த கல்லின் புறத்தே ஒருவகை நிறமாற்றமும் மங்கலும் படரும். கீறலின் உட்புறத்திலும் அதே மங்கல் அதேயளவில் உள்ளதா, அன்றிக் கீறல் அம்மங்கலை வெட்டிக்கொண்டு புதிய கல்லைக் காட்டுகின்றதா என நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கலாம். கோட்டின் அடி கூர்மையாக உள்ளதா, அகன்று சிதறியுள்ளதா என்பதிலிருந்து கீறியது உலோக முனையா கன்முனையா என்று ஓரளவு கூறலாம். மெருகு தேய்த்த வரிகள் கீறலுக்கு மேலே ஓடுகின்றனவா, கீறல் அவ்வரிகளைத் துண்டிக்கின்றதா என்பதும் கண்டறியக்கூடியதே. ஏர்க்கொழுவும் மண்வெட்டியும் கல்லிற் பட்டால் விழும் வடு எத்தகையது என்பதை அதே ஊரின் மற்றக் கற்களைக் கொண்டு ஒப்பிட்டறியலாம். கோடரியின் இணையாகக் கிடைத்த, கீறலற்ற இரண்டாவது கோடரி இவ்வொப்பீட்டுக்குக் கிடைத்தற்கரிய பொருள். ஆயினும் அதைப் பற்றிப் பேசியோர் எத்துணைப் பேர்? அதிலே எழுத்தில்லை; ஆகவே அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

2008ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அவ்வூரிலே அகழாய்வு மேற்கொண்டது. வெளிவந்தவை பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய மட்பாண்டங்களும் குறியீடு பொறித்த ஓடுகளுமாம். இது சிந்தித்தற்குரியது. மட்பாண்டத்திலே குறியீடு கீறும் வழக்கமுடைய மக்கள் அவ்வூரில் வாழ்ந்துள்ளனர். அவர்களுள் ஒருவன் தன் கையிற் சிக்கிய பழங் கோடரியிலே, பானையிற் கீறுவது போன்றே கீறியிருத்தல் கூடாதா? கி.மு. இரண்டாம் ஆயிரத்து ஆண்டுகளுக்கும் சிந்துவெளிக்கும் செல்லாமலே, அவ்வூர் மண்ணே தரும் விளக்கம் இது. இதுவே முடிபு எனக் கூறுவதற்கில்லை. எனினும் அருகிலுள்ள விளக்கத்தை ஆராய்ந்து விலக்கிய பின்னரே தொலைவிலுள்ளதை நாடுதல் முறை. அவ்வாறு கொள்ளின் கோடரியின் மதிப்புக் குறைந்துவிடும் என அஞ்சுவோர், அக்குறியீடுகள் கொடுமணல் முதலாகக் கந்தரோடை, திசமகாராம வரை பரந்து கிடக்கும் ஒரு பெருவழக்கின் பகுதியாகும் என்பதை எண்ணிப் பார்த்தாரல்லர்.

இனி வடிவ ஒப்புமைக்கு வருவோம். மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பிலே 417 குறிகள் வகுக்கப்பட்டுள்ளன. கோடரியின் நான்கு உருவங்களையும் அவற்றுள் 48, 342, 367, 301 ஆகிய இலக்கமுடையவற்றோடு அவர் ஒப்பிட்டார். விலாவெலும்பு தெரியக் குந்தியிருக்கும் உருவம் ஒன்று, கைப்பிடியுடைய குடம் ஒன்று, முச்சூலம் ஒன்று, வளையத்துள் அடங்கிய பிறை ஒன்று என்பன அவை. நேர்கோடும் வளைகோடும் கவருங் கொண்டு அமைந்த 417 வடிவங்களை ஒருபுறம் வைத்துக்கொண்டால், உலகின் எம்மூலையிற் கிடைத்த கீறலாயினும் அவற்றுள் ஏதேனும் ஒன்றை ஒத்திருக்கக் காண்பது அரிதன்று. முச்சூலமும் பிறையும் மனிதன் எங்கெங்கே கோடு கிழித்தானோ அங்கெல்லாம் தோன்றுவன. குந்தியிருக்கும் உருவத்தைப் பற்றி அவ்வாறு கூறவியலாது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மகாதேவனின் வலுவான வாதமும் அதிலேதான் தங்கியுள்ளது. அவ்வுருவமும் குடமும் அடுத்தடுத்து வருதல் சிந்துவெளிச் சாசனங்களிலும் உண்டு என்றார் அவர். உண்மையே. ஆயின், குடக்குறி சிந்துவெளி எழுத்துக்கள் அனைத்திலும் மிகுதியாக வருவது. சாசனங்களின் முடிவில் மீண்டும் மீண்டும் நிற்பது. எல்லோருக்கும் பின்னால் வந்து நிற்கும் ஒருவன் இவருக்குப் பின்னாலும் நின்றான் என்பதால், இவருக்கும் அவனுக்கும் தனியுறவு நாட்டப்பட்டதாகுமா?

இவையனைத்தையும் கடந்து, நான்கும் சிந்துவெளி எழுத்துக்களே என ஏற்றுக்கொள்வதாயினும், முருகன் என்னும் ஒலி எங்கிருந்து வந்தது? சிந்துவெளி எழுத்து இன்னும் அறிஞர் யாவரும் ஏற்கும்படி வாசிக்கப்படவில்லை. அது மொழியைக் குறித்த எழுத்தே அன்று என 2004இல் வாதிட்டோரும் உளர். தமிழ்நாட்டு அரசே 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில், அவ்வெழுத்தைத் திறம்பட வாசித்துக் காட்டுவோருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு அறிவித்தது. வாசிக்கப்பட்டுவிட்ட எழுத்துக்கு எவரும் பரிசு அறிவிப்பதில்லை. குந்தியிருக்கும் உருவம் முருகு என்னும் சொல்லைக் குறிக்கும் என்னும் கருதுகோளை மகாதேவன் சிந்துவெளி முத்திரைகளை வைத்து 1999ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார். அதாவது கல் நிலத்தினின்று வெளிப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே அதற்குரிய வாசிப்பு ஆயத்தமாயிருந்தது. அவர் இதனை மறைக்கவில்லை. ஆயினும், கோடரி முருகனை மெய்ப்பிக்கின்றது என்று கூறுவோர், முருகன் என்னும் கருதுகோளே கோடரியின் மேல் ஏற்றப்பட்டது என்பதை ஒருபோதும் கூறுவதில்லை. கருதுகோளைக் கொண்டு கல்லை வாசித்து, அக்கல்லைக் கொண்டு அதே கருதுகோளை நிறுவுதல் தருக்கநூலார் வட்டம் என ஒதுக்கிய வழி.

ஆயத்தமான வாசிப்பு எத்துணைத் தூரம் அறிஞரை இழுத்துச்செல்லும் என்பதற்குத் தமிழரின் உணர்ச்சி சற்றும் கலவாத ஓர் எடுத்துக்காட்டு ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. தெனசி மாநிலத்தில் ‘பற் கிறீக்’ என்னும் சிற்றாற்றின் அருகிலுள்ள புதைமேடு ஒன்றை 1889இல் சிமித்சோனியன் நிறுவனத்தின் பணியாளர் ஒருவர் தோண்டி, எலும்புக்கூட்டின் தலையடியிலே எட்டுக்கு மேற்பட்ட எழுத்துக்கள் பொறித்த சிறு கல்லை எடுத்தார். நிறுவனத்தின் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த சைரஸ் தோமஸ், அப்புதைமேடுகளைக் கட்டியோர் செரோக்கி மக்களின் முன்னோர் என்று நிறுவ முயன்றுகொண்டிருந்தவர். அவருக்கு அவ்வெழுத்துக்கள் செரோக்கி எழுத்துக்களாகத் தோன்றின. 1971இல் சைரஸ் கோர்டன் என்னும் செமித்திய மொழிப் பேராசிரியர் அக்கல்லின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பண்டைய யூதர் அமெரிக்காவை அடைந்தனர் என்பது அவர் கொண்டிருந்த கொள்கை. திருப்பிய கல்லில் யூதேயாவைக் குறிக்கும் பழைய எபிரேயச் சொல் தோன்றியது. நேராக வைத்தால் ஒரு மொழி, தலைகீழாக வைத்தால் மற்றொரு மொழி. இரண்டும் வாசித்தவர் முன்னரே கொண்டிருந்த கொள்கைக்கு இசைவானவை. 2004இல் மெயின்போட், குவாஸ் என்னும் இருவர், அக்கல்லின் எழுத்துக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான பிரீமேசன் சங்கத்துக் கலைச்சொல் நூலொன்றின் படத்திலிருந்து பார்த்தெழுதப்பட்டவை என எடுத்துக்காட்டினர். புதைகுழியிற் கிடைத்தது என்னும் குறிப்பு இருந்தும், குறித்தவர் ஒருவரேயாதலின் அது காவலாகவில்லை.

செம்பியன்கண்டியூரில் மோசடி நிகழ்ந்தது என்று இதனாற் பொருள்கொள்ளல் ஆகாது. மோசடி இன்றியும் இதே பிழை நேரும் என்பதற்குத் தோமஸே சான்று. ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரத்து மருத்துவப் பேராசிரியர் பெரிங்கர், 1725இல் மலையொன்றைத் தோண்டிய இளைஞர் தமக்குக் கொண்டுவந்த கற்களிலே பல்லி, தவளை, வால்வெள்ளி உருவங்களோடு எபிரேய எழுத்திற் கடவுளின் பெயரும் பொறித்திருக்கக் கண்டு அடுத்த ஆண்டிலே நூலும் வெளியிட்டார். அவற்றிற் கத்தி பட்ட தடம் போன்ற வடுக்கள் உள்ளமையை அவரே நூலிற் குறித்துள்ளார் என்பதுதான் வியப்பு. கண்டும், எழுதியும், அதன் பொருளை ஏற்க அவர் மறுத்தார். தம்முடன் பணியாற்றிய இருவரின் சதி என்பது பின்னரே வெளிப்பட்டது.

அயல்நாட்டார் அறியாமையைக் கண்டு நகைத்தல் எளிது. இலங்கையிலேயே இதற்கொப்பான நிகழ்ச்சி நடந்தது. செனரத் பரணவிதான இந்நாட்டுச் சாசனவியலுக்கு ஆற்றிய தொண்டு எவராலும் மறுக்கத்தக்கதன்று; சிகிரிச் சுவர்க் கிறுக்கல்களை அவர் வாசித்துப் பதிப்பித்தது 1956இல்; பிராமிச் சாசனங்களின் தொகுப்பு 1970இல் வெளியாயிற்று. அத்தகைய பேரறிஞரே தம் வாழ்வின் பிற்பகுதியில், பழைய கற்சாசனங்களின் வரிகளுக்கிடையே நுண்ணிய எழுத்தில் வேறொரு வரலாறு பொறிக்கப்பட்டுள்ளது என்றார். அதனை ஆதாரமாகக் கொண்டு இலங்கைக்கும் மலாய நாட்டுக்குமிடையிலான உறவு பற்றி 1966இல் ஒரு பெருநூலும் எழுதினார். வரிகளுக்கிடையே அவர் கண்டதை மற்றோர் கண்கள் காணவில்லை. ஆர். ஏ. எல். எச். குணவர்தன, கா. இந்திரபாலா ஆகியோர் அந்நூலை மறுத்து எழுதினர். ஆசானாயினும் முதுபேராசிரியராயினும் கல்லில் இல்லாததைக் கல்லில் உண்டெனக் கூற இயலாது என்னும் நிலைப்பாட்டை இந்நாட்டு ஆய்வுலகம் அன்று எடுத்தது. தமிழ் மாணவர் பலரும் அதனை மகிழ்ச்சியுடன் ஏற்றனர். அந்த அளவுகோலை மலாய உறவுக்கு மட்டும் நீட்டி, முருகன் பெயர் வந்தவுடன் மடித்து வைத்துக்கொள்வது எந்த நெறியின்பாற்படும்?

மகாதேவனை வைத்தே மகாதேவனின் ஆதரவாளருக்கு விடை கூறவும் கூடும். தமிழ்ப் பிராமிச் சாசனங்களை அவர் 1960களில் குகைகுகையாகச் சென்று படியெடுத்தார். தாம் எழுதியதில் நிறைவு கொள்ளாது 1990களில் அதே குகைகளுக்கு மீண்டும் ஏறிச்சென்று ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தார். அதன் பின்னரே, 2003இல், தமது பெருநூலை வெளியிட்டார். நாற்பதாண்டு உழைப்பு அது. அப்பெருநூலை எழுதியவரிடமிருந்து கற்கத்தக்கது அந்தப் பொறுமை. கற்றுக்கொண்டதாகக் கூறுவோரோ கோடரியின் நிழற்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இதற்கு எதிர்க்கோடியில் நிற்போரும் குற்றத்தினின்று நீங்கியவரல்லர். செய்தி வெளியானவுடன் கல்லைக் காணாமலே அவை வெறுங் கீறல்கள், தமிழரின் வெறியால் எழுத்தாயின என்று எள்ளியோர் உளர். கல்லைக் கையிலெடுக்காது மறுப்பதும் கையிலெடுக்காது போற்றுவதும் ஒரே சோம்பலின் இருவடிவங்கள். அந்நான்கு உருவங்களும் ஒழுங்காக ஒரு வரிசையில் அமைந்துள்ளன. மண்வெட்டி தற்செயலாக விழுந்து முச்சூலமும் குடமும் அடுத்தடுத்து வரையும் என்பது நம்பத்தக்கதன்று. மனிதன் கருதிக் கீறியவை அவை என்றே தோன்றுகின்றது. எம்மனிதன், எந்நாளில் என்பதே வினா.

‘இவ்வாறு ஐயுறுதல் எதிரிக்கே உதவும், தமிழரின் தொன்மையைக் குறைத்துரைக்க முயல்வோர் எத்தனையோ பேர் இருக்க, தமிழரே தமிழரின் சான்றை ஏன் சோதித்தல் வேண்டும்?’ என்பது அடிக்கடி கேட்கும் குரல். ஆனைக்கோட்டை முத்திரையை எண்ணினால் இதற்கு விடை கிடைக்கும். 1980ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் பெருங்கற்காலப் புதைகுழியொன்றினை முறைப்படி அகழ்ந்தபோது எலும்புக்கூட்டோடு அச்சிறு முத்திரை வெளிப்பட்டது. மேல்வரியில் மூன்று குறியீடுகளும் கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துக்களும் அதில் உள்ளன. கோவேத என்றும் கோவேந்த என்றும் வாசிப்புக்கள் வேறுபட்டன. குறியீடுகளின் பொருள் பற்றியும் கருத்தொற்றுமை இல்லை. ஆயினும் அம்முத்திரை அசையாது நிற்கின்றது. எந்தக் குழியில், எவரோடு, எந்தப் பாண்டங்களிடையே கிடந்தது என்பது பலர் காணப் பதியப்பட்டமையால், வாசிப்பு நாளை மாறினும் அதன் மதிப்பு மாறாது. செம்பியன்கண்டியூர்க் கோடரியிலோ வாசிப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஏதுமில்லை என்னும் நிலையை அதன் அன்பர்களே உருவாக்கிவிட்டனர். சான்றைச் சோதியாது விடுதல் எதிரிக்கு உதவாது என்று எண்ணுவோர், சோதித்தலை எதிரி செய்வதற்காகக் காத்திருக்கின்றனர் போலும்.

ஈழத்திலே இப்பொருள் வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. போரின் பின் மீளக் குடியேறிய ஊர்களில் கிணறு வெட்டுவோரும் அத்திவாரம் தோண்டுவோரும் வாய்க்கால் திருத்துவோரும் செதுக்கிய கற்களைக் காணல் கூடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அத்தகைய பொருளை அறிவித்தல் வேண்டும். அறிவித்தால் காணி போய்விடும் என்னும் அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. கிழக்கு மாகாணத்துத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 யூன் மாதத்தில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணி பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில், தொடக்கத்தில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ கொள்ளாது அமைக்கப்பட்டது. கல்லொன்றின் மேல் எவரெவர் என்ன பெயரை வாசிக்கின்றனர் என்பதைப் பொறுத்து வயலும் வளவும் கைமாறக்கூடிய நாட்டில், வாசிப்பே முதலில் என்னும் வழக்கத்தைத் தமிழர் கைக்கொள்வார்களாயின் அதனால் முதலில் இழப்படைபவர் எவர்? அதிகாரமுடையோனின் வாசிப்பே நிற்கும். மண்ணடுக்கு, ஆழம், உடன்கிடந்த பொருள் என்பவற்றைக் கேட்கும் உரிமை மட்டுமே அதிகாரமற்றோனிடம் உண்டு. அவ்வுரிமையை மயிலாடுதுறையில் விட்டுக்கொடுத்தவன் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் எவ்வாறு கோருவான்?

கண்டெடுப்போன் செய்யத்தக்கவை சில. கல் தென்பட்டவுடன் தோண்டுதலை நிறுத்திக் கல்லை அவ்விடத்தில் வைத்தே படம் எடுத்தல்; நிலமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என அளந்து எழுதுதல்; அயலாரை அழைத்துக் காட்டுதல்; ஒட்டியிருக்கும் மண்ணையும் அருகிற் கிடந்த ஓட்டையும் எலும்பையும் வீசாது வைத்தல். தூரிகையாலோ சவர்க்காரத்தாலோ தேய்த்துக் கழுவுதல் பெருங்கேடு. எழுத்து நன்கு தெரிதற்பொருட்டுச் சுண்ணாம்போ வெண்கட்டியோ பூசுதல் அதனினும் பெருங்கேடு. கீறலின் வயதைக் கூறக்கூடிய ஒரே சாட்சி அதன் உள்ளே படிந்திருக்கும் அழுக்குத்தான். பல்கலைக்கழகத்தாரின் பங்கும் உண்டு. ஊரவர் கல்லோடு வரும்போது ‘இதில் என்ன எழுதியிருக்கிறது’ என்றே கேட்பர். ‘எந்தக் கிணற்றடி, எத்தனை முழம், வேறு என்ன கிடந்தது’ என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் மாணவருக்கு வரல் வேண்டும். காணிக்காரனோடு சென்று அக்குழியின் ஓரத்தைச் செதுக்கிப் பார்க்கவும் அவர்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

செம்பியன்கண்டியூர்க் கோடரிக்கு அருகே இன்றைக்கு நேர்மையாக எழுதி வைக்கத்தக்க பெயர்ச்சீட்டு சிறியதே. மெருகிட்ட கற்கோடரி, தென்னிந்தியக் கல், 2006இல் வீட்டுத் தோட்டத்து மண்ணிற் கிடைத்தது, ஒரு முகத்தில் மனிதன் கீறிய நான்கு உருவங்கள், கீறிய காலம் நிறுவப்படவில்லை, உடன் கிடைத்த கீறலற்ற இரண்டாவது கோடரியையும் காண்க.